கோல்சக் ஏரிக்குக் குடும்பத்தோடு போகலாமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மலையில் இருக்கும் கோல்சக் ஏரிக்கு நடந்து ஏறிப் போய்வர நீங்கள் எழுதியனுப்பிய திட்டத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலை அடுத்த பெல்வியூவில் இருக்கிறீர்கள். திருச்சியிலிருந்து 63 வயது அப்பா வந்திருக்கிறார். அவரோடு நீங்கள், உங்கள் மனைவி, 9 வயது மகள், நண்பர்களின் இரண்டு குடும்பங்கள், மொத்தம் 11 பேர். ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை 8 மணிக்குச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கிளம்பி, மதியச் சாப்பாட்டைக் கோல்சக் ஏரிக்கரையில் வைத்துக்கொண்டு, முடிந்தால் தண்ணீரிலும் இறங்கிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். "போய்வர 8 மைல்தானே, அப்பா தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்" என்று கடைசியில் ஒரு வரி.

அப்பாவைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தேதி, புறப்படும் நேரம், ஆள் கணக்கு ஆகிய மூன்றும்தான் சரியில்லை. இவற்றை மாற்றினால் போகலாம். மாற்ற முடியாது என்றால் வேறு ஏரி இருக்கிறது, அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் தேதி. கோல்சக் ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,570 அடி, அதாவது 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேல். கொடைக்கானலைவிடத் தாழ்வான ஏரியில் ஜூன் மாதத்தில் என்ன பனி இருந்துவிடப் போகிறது என்று நம் ஊர்க்காரர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் கொடைக்கானல் 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இந்த ஏரியோ 47 டிகிரிக்கும் வடக்கே. அதோடு, பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று காஸ்கேட் மலைத்தொடரில் ஏறும்போது குளிர்ந்து, தன்னிடமுள்ள நீரைக் குளிர்காலம் முழுவதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. அந்தப் பனி ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கும். மே மாத வெயிலுக்கெல்லாம் அது அசைந்து கொடுக்காது. பெரும்பாலான ஆண்டுகளில் ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கத்தில்தான் பாதை முழுவதும் பனி நீங்குகிறது. உயரத்தால் வரும் மூச்சுத்திணறல், தலைவலி பற்றி அப்பா கவலைப்பட வேண்டாம். 1,700 மீட்டரில் அது பெரும்பாலும் யாருக்கும் வருவதில்லை.

ஜூன் நடுவில் இருக்கும் பனியின் குணம் வேறு. ஜனவரிப் பனி கெட்டியாக இருக்கும். ஜூன் பனி மேலே பார்க்க வழவழவென்று திடமாகத் தெரியும், அடியில் குடைந்து போயிருக்கும். வெயிலில் சூடேறிய பாறைகளைச் சுற்றி அது கீழிருந்து உருகுகிறது. கால் வைத்தால் தொடை வரை உள்ளே இறங்கும். இறங்கிய கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். உடல் முன்னே சாய, கால் மட்டும் உள்ளே நிற்கும். கணுக்கால் முறிவது இப்படித்தான். ஓடைகளும் அந்த மாதத்தில்தான் பொங்கி ஓடுகின்றன. பனியில் நடந்து பழகிய இளைஞர்கள் காலணியில் முள்சங்கிலி மாட்டிக்கொண்டு போவார்கள். ஒன்பது வயதுக் குழந்தையோடும் அறுபதைக் கடந்தவரோடும் அதை முயல வேண்டாம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை எந்த நாளும் சரி. அதிலும் ஜூலையில் கொசு பிய்த்து எடுக்கும். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வரக்கூடும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் இரண்டு வாரங்கள்தான் உத்தமம். அப்பாவின் திரும்பும் டிக்கெட் அதற்கு முன்பே என்றால் ஜூலை கடைசியைப் பிடியுங்கள்.

அடுத்தது நேரம். மைல் கணக்கு உங்களை ஏமாற்றுகிறது. போய்வர 8 மைலுக்குச் சற்று மேல் என்பது உண்மைதான். ஆனால் அதில் முதல் 4 மைலில் சுமார் 2,300 அடி ஏற வேண்டும். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 270 அடி என்பார்கள்; அதை எட்டு முறைக்கு மேல் அடுக்கிக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னால் அவருக்கே கணக்குப் புரிந்துவிடும்.

மலைநடைக்கு நேரம் கணிக்க 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், கூடவே ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். அதன்படி கோல்சக்குக்கு இரண்டரை மணி நேரம். ஆனால் அவர் மனத்தில் இருந்தது பழகிய நடையர். ஓய்வும் புகைப்படமும் அதில் சேரவில்லை. குழந்தையும் பெரியவரும் உள்ள குழுவுக்கு ஏற நான்கு மணி நேரம், இறங்க மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் சேர்த்தால் மொத்தம் எட்டு.

இப்போது உங்கள் சனிக்கிழமையைப் பாருங்கள். 8 மணிக்குப் பெல்வியூவில் கிளம்பினால் ஸ்டீவன்ஸ் கணவாய் வழியாக, ஏரிக்கு அருகிலுள்ள ஊரான லெவன்வொர்த் சேர இரண்டரை மணி நேரம் ஆகலாம். அங்கிருந்து ஐசிகிள் சாலையில் எட்டு மைலுக்கு மேல். பிறகு 7601 என்ற எண்ணுள்ள காட்டிலாகா மண் சாலையில் ஏறக்குறைய 4 மைல், குழியும் தூசியுமாக. பாதை தொடங்கும் இடத்தை அடையும்போது 11 மணியைத் தாண்டியிருக்கும். கோடைச் சனிக்கிழமையில் அங்குள்ள வண்டி நிறுத்துமிடம் விடிவதற்கு முன்பே நிரம்பிவிடும். உங்களுக்கு இடம் கிடைக்காது. கிடைத்தாலும் ஏரியை அடைய மாலை மூன்றரை. கோடையில் இடி மின்னல் வருவதென்றால் வரும் நேரமும் அதுதான்.

ஆகவே முந்தைய நாளே லெவன்வொர்த்தில் போய்த் தங்குங்கள். மரத்தொழிலும் ரயிலும் கைவிட்டுப் போன பிறகு, 1960களில் ஊரே கூடிப் பவேரிய கிராமமாக வேடம் கட்டிக்கொண்ட இடம் அது. அறை வாடகையும் அந்த வேடத்துக்குத் தக்கபடி இருக்கும். மனைவிக்கும் உங்களுக்கும் விடுப்பு கிடைக்குமானால் செவ்வாய், புதனில் வையுங்கள். எந்த நாளானாலும் காலை 6 மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுவது. உங்கள் குழுவுக்கு அது 11:30 மணி. அந்த நேரத்துக்கு ஏரி வந்திருந்தாலும் வராவிட்டாலும் திரும்புவது என்று மகள் உட்பட எல்லோரும் ஒப்புக்கொண்டு கிளம்புங்கள். "இன்னும் அரை மைல்தான்" என்று எதிரே இறங்கி வருபவர்கள் அன்போடு சொல்வார்கள். அந்த அரை மைல்தான் பாதையிலேயே செங்குத்தானது.

ஆள் கணக்குக்கு வருகிறேன். இந்த ஏரி ஆல்பைன் லேக்ஸ் வனாந்தரப் பகுதிக்குள் வருகிறது. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தைப் பின்பற்றி 1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுக் காத்த இடம். இன்று 4 லட்சம் ஏக்கருக்கு மேல், 700க்கும் அதிகமான ஏரிகள். உள்ளே இயந்திரத்துக்கு இடமில்லை. மிதிவண்டிகூடக் கூடாது, பாதையில் மரம் விழுந்தால் பணியாளர்கள் மோட்டார் ரம்பத்தை விட்டுவிட்டு இருவர் இழுக்கும் கைரம்பத்தால் அறுக்கிறார்கள். கைப்பிடிக் கம்பி, குப்பைத்தொட்டி, குடிநீர்க் குழாய், தேநீர்க்கடை எதையும் எதிர்பார்க்காதீர்கள். ட்ரோன் பறக்கவிடக் கூடாது. கோல்சக் அடங்கிய என்சான்ட்மென்ட்ஸ் பகுதியில் ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, கோல்சக் பாதையில் நாய்க்கும் அனுமதி இல்லை.

எட்டு என்றால் குழந்தைகளையும் சேர்த்து எட்டு. பதினொரு பேரை ஆறும் ஐந்துமாகப் பிரித்து இரண்டு அனுமதிச் சீட்டுப் போட்டுவிட்டு, ஏரிக்கரையில் ஒன்றாகப் பாய் விரித்து உட்காருவது விதியை ஏய்ப்பது. ரேஞ்சருக்கும் அது தெரியும். நம்மவர்கள் கூட்டமாகப் போனால்தான் கொண்டாட்டம் என்று நினைக்கிறோம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலையில் கூட்டம் என்றால் ஆளுக்கு ஒரு வேகம், ஆளுக்கு ஓர் இடத்தில் நிற்பது, யார் முன்னே யார் பின்னே என்று தெரியாமல் போவது. உங்கள் குடும்பமும் இன்னொரு குடும்பமும் போதும். மூன்றாவது குடும்பத்தோடு இன்னொரு வாரம் வேறு ஏரிக்குப் போங்கள்.

பகலில் போய்த் திரும்ப முன்பதிவு தேவையில்லை. பாதை தொடங்கும் இடத்தில் உள்ள பெட்டியில் படிவம் இருக்கும். நீங்களே நிரப்பி ஒரு பகுதியைப் பெட்டியில் போட்டு மறு பகுதியை வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும், நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 30 டாலர். தேசியப் பூங்காக்களின் ஆண்டு அட்டை கையில் இருந்தால் அதுவே செல்லும். இதை வீட்டிலிருந்தே வாங்கிவிடுங்கள், அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. வரைபடத்தையும் அதே காரணத்துக்காக முன்னதாகவே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

பாதை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஒன்றரை மைல் மவுன்டனீர் ஓடையை ஒட்டி மர நிழலில் சாதுவாக ஏறும். மகள் ஓடுவாள், ஓட விடாதீர்கள். ஒரு மரப்பாலம் வரும். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமையாகி, இரண்டரை மைல் அளவில் பாதை இரண்டாகப் பிரியும். நேரே போனால் ஸ்டூவர்ட் ஏரி. கோல்சக்குக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கே ஓடையை மீண்டும் ஒரு பாலத்தில் கடந்ததும் பெரிய பாறைக் குவியல் ஒன்று குறுக்கே கிடக்கும். பலர் வழி தவறும் இடம் இதுதான். மண்ணில் காலடித்தடம் தெரியாது, மண்ணே இல்லை. பாறைமேல் பாறையாக, மேற்பரப்பு மழுங்கி வழுக்கலாகியிருக்கும் வழியைப் பார்த்து, ஓடைப் பக்கத்தை விடாமல் கடக்க வேண்டும். வழி சந்தேகமாக இருந்தால் நின்று, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். அதைக் கடந்தால் பாதை மறுபடி தெளிவாகத் தெரியும், ஏற்றமும் ஆரம்பிக்கும். வேர்களும் கற்களும் படிக்கட்டாக அமைந்த கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும். படிக்குப் படி உயரம் வேறுபடும்; சில இடங்களில் முழங்கால் உயரம். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் அப்பாவுக்குச் சோதனை இறங்கும்போதுதான். தினமும் சமதரையில் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் இதற்கு உதவாது. இறக்கத்தில் வேலை செய்வது தொடையின் முன்தசையும் முழங்காலும். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வாங்கிக்கொடுங்கள். "எனக்கெதற்குக் கோல்" என்று அவர் சொல்வார். இருபது வயதுக்காரர்கள் ஊன்றிக்கொண்டு போவதைப் பார்த்தபின் வாங்கிக்கொள்வார்.

போவதற்கு ஓரிரு வாரம் முன் நார்த் பெண்ட் பக்கத்தில் உள்ள லிட்டில் சை குன்றில் ஒரு ஒத்திகை வையுங்கள். போய்வர 4 மைலுக்குள், 1,300 அடி ஏற்றம். அன்று போடும் காலணி, முதுகுப்பை, கோல் எல்லாவற்றோடும் போங்கள். மறுநாள் காலை அப்பா மாடிப்படியில் இறங்குவதைப் பாருங்கள். பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பற்றி இறங்கினார் என்றால் கோல்சக் வேண்டாம்.

உடை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஜீன்ஸும் பருத்தி பனியனும் கூடாது. பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். 10 டிகிரிக் குளிரில் நனைந்த பருத்தியோடு காற்றில் உட்கார்ந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க அதுவே போதும். வேகமாகக் காயும் செயற்கை நூல் அல்லது கம்பளி உடை, மேலே ஒரு ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைநூல் குளிர்ச்சட்டை), அதற்கும் மேலே மழைச்சட்டை, எல்லாம் ஆளுக்கொன்று. உயரம் கூடக் கூட ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் 6 டிகிரிக்கு மேல் குறையும். ஏரி லெவன்வொர்த்தைவிட 1,300 மீட்டருக்கு மேல் உயரம்; ஊரில் 28 டிகிரி என்றால் மேலே 20ஐத் தொடுவதே அதிகம். கைப்பேசி காட்டுவது ஊரின் வானிலை என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்க வானிலை மையத்தின் இணையதளத்தில் வரைபடத்தில் ஏரியின் மேலேயே சொடுக்கினால் அந்த உயரத்துக்கான கணிப்பு கிடைக்கும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையை அடிக்க ஆள் இல்லை. உப்பும் எண்ணெயும் மாவுச்சத்தும் ஒருங்கே இருக்கிறது, மதியம் வரை கெடாது. தயிர்சாதம் வேண்டாம், வெயிலில் பையில் கிடந்து புளித்துவிடும். நடக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை கொறிக்கக் கடலை மிட்டாய், பேரீச்சை, முறுக்கு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோய், ஓடையில் நிரப்பிக்கொள்ள ஒரு வடிகட்டியும் வையுங்கள். பளிங்குபோல் ஓடுகிறதே என்று அள்ளிக் குடிக்காதீர்கள். ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கொரு நெற்றி விளக்கு, முதலுதவிப் பொருள்கள், அப்பாவின் மருந்தில் கூடுதலாக ஒரு நாளுக்கு உரியதும் பையில் இருக்கட்டும். சியாட்டிலின் மவுன்டனீர்ஸ் சங்கம் 1930களில் வகுத்த "பத்து அத்தியாவசியப் பொருள்கள்" பட்டியல் உலகெங்கும் மலையேறிகளின் வாய்ப்பாடு. அதைப் பார்த்து மற்றவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரியைப் பற்றி அதிகம் வர்ணிக்க மாட்டேன், நீங்களே பார்ப்பீர்கள். அந்தப் பச்சை கலந்த நீலம் படத்தில் ஏற்றிய நிறமா என்று உங்கள் மகள் கேட்டிருக்கிறாளே, அதற்கு மட்டும் பதில்: இல்லை. டிராகன்டெயில், கோல்சக் சிகரங்களுக்கு நடுவே உள்ள பனியாறு பாறையை மாவாக அரைத்து நீரில் கலக்கிறது. அந்தத் துகள்கள் அடியில் தங்காமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. அதே பனியாறு காரணமாகத்தான் தண்ணீர் ஆகஸ்டிலும் சில்லிட்டிருக்கிறது. கால்களை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து குதிப்பவர்களைப் பார்த்து நீங்களும் குதிக்காதீர்கள். திடீர்க் குளிரில் மூச்சு தன்னிச்சையாக இழுபடும். தலை நீருக்கடியில் இருக்கும்போது அது நேர்ந்தால் நீச்சல் தெரிந்தவரும் நீரைக் குடித்துவிடுவார்.

ஏரியின் மறுகோடியில் பாறைச் சரிவாகத் தெரிவது ஆஸ்கார்ட் கணவாய். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் சுமார் 2,000 அடி ஏறுகிறது. எறும்புபோல் ஆட்கள் அதில் ஏறுவது கரையிலிருந்தே தெரியும். நண்பர்களில் யாராவது ஒருவருக்குக் கை அரிக்கும்; "நான் மட்டும் பாதி வரை போய்வருகிறேனே" என்பார். அனுமதிக்காதீர்கள். பனி உள்ள காலத்தில் அந்தச் சரிவில் சறுக்கி இறங்கி, அடியில் ஓடை குடைந்த பொந்துக்குள் விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

கரடிக்குப் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே இருப்பது கருங்கரடி. பேச்சுச் சத்தம் கேட்டாலே பெரும்பாலும் விலகிவிடும். நீங்கள் சந்திக்க அதிக வாய்ப்புள்ளது வெள்ளை மலை ஆடுகளை. உப்புக்காக மனிதரின் வியர்வையையும் சிறுநீரையும் தேடி வருபவை. அழகாக இருக்கிறதென்று அருகில் போகாதீர்கள். கொம்பு கூர்மையானது, 50 கஜம் தள்ளியே நில்லுங்கள். ஏரிக்கருகே ஒரு திறந்தவெளிக் கழிப்பறை இருக்கிறது, அம்புக்குறியைப் பார்த்துப் போனால் கிடைக்கும். ஆரஞ்சுத் தோல், முட்டை ஓடு உட்பட எல்லாக் குப்பையும் உங்களோடு கீழே வர வேண்டும்.

யாருக்காவது அடிபட்டால் உதவி வர மணிக்கணக்கில் ஆகும். வாஷிங்டன் மாநிலத்தில் மலை மீட்புப் பொறுப்பு கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், காவல் தலைவரான ஷெரிஃபுடையது. களத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு வசதி இருக்கிறது; வானம் திறந்திருக்கும் இடத்தில் நின்றால்தான் வேலை செய்யும். அப்பாவின் பயணக் காப்பீட்டில் மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே படித்துப் பாருங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 911ஐ அழைக்க வேண்டும் என்பதைச் சியாட்டிலில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஜூன் தேதியை மாற்றவே முடியாது என்றால் டலாபஸ் ஏரி. அதே வனாந்தரப் பகுதிதான், ஐ-90 நெடுஞ்சாலையில் 45ஆம் எண் வெளியேற்றம். போய்வர ஏறக்குறைய 4 மைல், ஏற்றம் ஆயிரம் அடிக்குள். உயரம் குறைவு என்பதால் பனியும் முன்னதாக நீங்கிவிடும். கோல்சக்கின் பிரம்மாண்டம் இருக்காது. ஆனால் நிழலான காட்டுப்பாதை, ஏரிக்கரையில் உட்கார மரக்கட்டைகள், வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். மூன்றாவது குடும்பத்தை அனுப்பவும் இது நல்ல இடம். எங்கே போவதாக இருந்தாலும், போகும் வாரத்தில் வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன் தளத்தில் அந்தப் பாதைக்குப் போய்வந்தவர்கள் எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். மண் சாலை வெள்ளத்தில் அரித்து மூடியிருந்தாலும், தீ காரணமாகப் பாதை அடைக்கப்பட்டிருந்தாலும் வனத்துறைத் தளத்தில் அறிவிப்பு இருக்கும். முந்தைய நாள் மாலை அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, "ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கினால் என்ன" என்று உங்கள் மனைவி கேட்டதற்கு: இந்த ஆண்டு அது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மே 15 முதல் அக்டோபர் 31 வரை இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம். அதற்கான குலுக்கல் Recreation.gov என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் பிப்ரவரி நடுவிலேயே திறந்து இரண்டு வாரத்தில் மூடிவிடும். கேட்பவர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. அடுத்த ஆண்டுக்கு முயல்வதானால் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தைக் கேட்காதீர்கள். ஊரே அதைத்தான் கேட்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வார நாளைக் கேளுங்கள்.